மழை தொடாத இடம்

திருகோணமலையில் கெப் என்று அழைக்கப்படும் பழைய பிக்அப் வைத்திருப்பவர்கள் வண்டியைக் கவனிப்பது என்றால் பொனற்றைத் திறப்பது என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ஒயில் அளவு பார்க்கிறார்கள், பெல்ட்டை அழுத்திப் பார்க்கிறார்கள், டீசல் பில்டரில் சேர்ந்த தண்ணீரை இறக்கிவிடுகிறார்கள். எல்லாம் செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் எஞ்சின் போன கெப்புக்கு மறுபிறப்பு உண்டு. கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போனால் ஜப்பானில் கழற்றிய எஞ்சின் கிடைக்கும், கியர்பெட்டி கிடைக்கும், கதவுகூடக் கிடைக்கும். சேஸி இற்றுப்போன கெப்புக்கு அப்படி ஒரு வழி இல்லை. சேஸியில் பொறித்த எண்தான் அரசாங்கப் பதிவேட்டில் அந்த வண்டியின் பெயர். அது போனால் வண்டியே போயிற்று. இந்தத் துறைமுகப் பட்டினத்தில் சேஸியைத் தின்பது உப்பு. அதைத் தடுக்க இருப்பதில் மலிவான பழுதுபார்ப்பு, வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுவது. கேட்க அற்பமாகத்தான் இருக்கும். கரையோரத்தில் இரும்பு எப்படிச் சாகிறது என்று கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்த்தால், ஸ்பானர் பிடித்துச் செய்யும் பல வேலைகளைவிட இந்த ஒன்று வண்டிக்கு அதிக ஆண்டுகளைக் கூட்டும் என்பது விளங்கும்.

இதைப் பேச இப்போது காரணமும் இருக்கிறது. 2020இல் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் மீன் ஏற்றுபவரோ மரக்கறி ஏற்றுபவரோ வாய் திறக்கமாட்டார். ஆகவே இருபது, முப்பது வயதான கெப்புகளே கிண்ணியாவிலும் மூதூரிலும் நிலாவெளியிலும் குச்சவெளியிலும் இன்னும் உழைக்கின்றன. ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனை கட்டாயம். அந்தக் கருவி எஞ்சின் என்ன விடுகிறது என்று மட்டும் பார்க்கிறது. சேஸியில் ஓட்டை இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. சொந்தக்காரர் குனிந்து பார்க்காவிட்டால் பெரும்பாலும் வேறு யாரும் பார்க்கப்போவதில்லை.

துரு என்பதை நாம் இரும்பின் மேல் படியும் ஒரு அழுக்கு போல நினைத்துக்கொள்கிறோம். அது ஒரு மின்கலத்தின் கழிவு. கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் என்ற வேதியியலாளர் 1920களில் ஒரே ஒரு துளி உப்புத் தண்ணீரை வைத்து இதைக் காட்டினார். அந்தச் சோதனையை எந்த வீட்டிலும் செய்யலாம். உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்த ஒரு இரும்புத் துண்டு, கடல்நீர் ஒரு சொட்டு, சில மணி நேரம் பொறுமை. துளி முழுவதும் ஒரே சீராகத் துரு பிடிக்கும் என்று எதிர்பார்ப்போம். அப்படி நடப்பதில்லை. துளியின் ஓரம் பளிச்சென்றே இருக்கும். நடுப்பகுதியில் இரும்பு குழிந்து போகும். இரண்டுக்கும் இடையே செம்மஞ்சள் வளையமாகத் துரு வந்து படியும். காரணம் காற்று. துளியின் ஓரம் மெல்லியது. ஒட்சிசன் அங்கே தாராளமாக இறங்குகிறது. நடுவில் தண்ணீர் தடித்து நிற்பதால் ஒட்சிசன் குறைவு. குறைவாக உள்ள இடத்து இரும்பு தன் இலத்திரன்களை விட்டுவிட்டுக் கரைகிறது. அந்த இலத்திரன்கள் இரும்பின் வழியே ஓரத்துக்கு ஓடி, அங்கே ஒட்சிசனோடும் நீரோடும் சேர்கின்றன. கரைந்த இரும்பும் ஓரத்தில் உண்டான காரமும் நடுவழியில் சந்திக்கும் இடத்தில்தான் வளையம் தோன்றுகிறது. உப்பின் வேலை இந்தச் சுற்றை முடித்துவைப்பது. நல்ல தண்ணீரில் அயன்கள் அரிது, மின்சாரம் தயங்கித் தயங்கிப் போகும். லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புள்ள கடல்நீரில் அது பாதை போட்டது போல ஓடும். போதாததற்கு, இரும்பின் மேல் உருவாகும் மெல்லிய காப்புப் படலத்தையும் குளோரைட்டு துளைத்துவிடுகிறது.

இந்தத் துளியை ரயருக்கு மேலே உள்ள மட்கார்டின் உள்மடிப்புக்குக் கொண்டுபோய் வையுங்கள். அங்கே துளிக்குப் பதில் கையளவு ஈரச் சேறு. சேற்றின் அடியில் ஒட்சிசன் இல்லை, சேற்றின் விளிம்பில் உண்டு. எவன்ஸின் துளி பெரிதாகி, காயாமல், வாரக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. பாதிக்கப்பட்ட இரும்பு எப்போதும் மூடிய இடத்தில் இருப்பதும், வெளியே தெரிகிற பெயின்ற் கடைசிவரை நல்லபடி இருப்பதும் இதனால்தான். பெயின்ற் குமிழிக்கும்போது உள்ளே வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும். கரைந்த இரும்பைவிடத் துரு இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் பிடிப்பதால் அது மேலே தள்ளிக்கொண்டு வருகிறது. குமிழைத் தேய்த்து மேலே பெயின்ற் அடிப்பது, காய்ச்சல் வந்தவருக்கு முகம் கழுவிப் பவுடர் பூசுவது மாதிரி.

அடுத்த கேள்வி, கடலில் இறங்காத வண்டிக்கு உப்பு எங்கிருந்து வருகிறது? அலை உடையும்போது எழும் நுரைக் குமிழிகள் வெடித்து, கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்த் துகள்களைக் காற்றில் எறிகின்றன. ஆகவே கடல் பக்கத்தில் இருப்பது மட்டும் கணக்கல்ல, அலை உடைகிறதா என்பதே கணக்கு. உள்துறைமுகத்தின் நீர் குளம் போலக் கிடக்கும். அதன் கரையில் நிற்கும் வண்டியைவிட, வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் நிலாவெளிக் கரையில் நிற்கும் வண்டி அதிக உப்பு வாங்கும். காற்றில் வரும் இந்த உப்பு முதல் சில நூறு மீற்றருக்குள்ளேயே பெரும்பகுதி படிந்துவிடுகிறது. கன்னியா பக்கம் வீடு உள்ளவரின் கெப்புக்கும் உப்புவெளியில் கடற்கரையோடு ஒட்டி நிறுத்துபவரின் கெப்புக்கும் வயது ஒன்றாக இருந்தாலும் அடிப்பகுதி ஒன்றாக இராது. இதற்கு மேல் தொழில் கொண்டுவரும் உப்பு வேறு. ஐஸ் உருகி மீன்பெட்டியிலிருந்து ஒழுகும் நீர் வெறும் தண்ணீர் அல்ல, உப்பும் மீன் கழிவும் கலந்த சாறு. கருவாட்டு மூட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பின் தட்டில் ஒழுகியது, தட்டின் இணைப்புகள் வழியே இறங்கி நேராகச் சேஸியின் மேல்தான் விழுகிறது.

படிந்த உப்பு காய்ந்து போனால் ஆபத்து நீங்கிவிடும் என்பது இயல்பான எண்ணம். கல்லுப்புச் சாடி வைத்திருக்கும் எந்த வீட்டிலும் இதற்கு மறுப்பு உண்டு. மார்கழியில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே சாடியின் அடியில் தண்ணீர் நிற்கும். தூய சோடியம் குளோரைட்டு, காற்றின் ஈரப்பதன் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 விழுக்காடே போதும். திருகோணமலையில் கச்சான் காற்று அனல் வீசும் மதியத்திலும் ஈரப்பதன் அந்த அளவுக்குக் கீழே இறங்குவது அரிது. அப்படியானால், உப்புப் படிந்த இரும்பு இந்த ஊரில் காய்வதே இல்லை. கைக்குக் காய்ந்ததாகத் தெரியும். மின்கலம் ஓடுவதற்கு வேண்டிய மெல்லிய நீர்ப்படலம் இரவும் பகலும் அதன் மேல் இருந்துகொண்டேயிருக்கும். வெயிலில் நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இந்த இடத்தில் உடைகிறது.

இங்கேதான் மழை வருகிறது. ஒக்ரோபரிலிருந்து ஜனவரி வரை இந்த மாவட்டத்தில் கொட்டும் மழை, வண்டியின் கூரையையும் பொனற்றையும் கதவுகளையும் இலவசமாகக் கழுவிவிடுகிறது. காற்றுவெளியில் உலோகங்கள் அரிப்பதை ஆராய்பவர்கள் பல கடற்கரைகளில் கண்ட ஒரு விடயம்: கடலோரத்தில், மழை நேரடியாகப் படும் பக்கத்தைவிட மழை மறைவில் இருக்கும் பக்கம் அதிகமாக அரிக்கும். காற்றோடு போகும் உப்பு மறைவிடத்துக்கும் போய்ச் சேருகிறது. கழுவ வரும் மழை அங்கே போவதில்லை. வண்டியின் அடிப்பகுதி முழுவதும் அப்படிப்பட்ட மறைவிடம். சேஸியின் குழல் உட்புறம், பின் அச்சுக்கு மேலே அது வளைந்து ஏறும் இடம், பட்டை ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் தாங்கிகளின் பின்பக்கம், கதவின் அடிமடிப்பு, கெபினும் சேஸியும் சந்திக்கும் ரப்பர்த் தாங்கிகள், பின் தட்டுக்கும் சேஸிக்கும் இடைப்பட்ட விரல் அகல இடுக்கு: மழை தொடாத இந்த இடங்களுக்கு ரயர் எறியும் உப்புச் சேறு மட்டும் தவறாமல் போகிறது. ஆண்டு முழுவதும் உப்பு வரவு, செலவு எதுவும் இல்லாத கணக்கு அது.

கணக்கை எண்ணிலும் பார்த்துவிடலாம். காற்றுவெளியின் அரிக்கும் திறனை வகைப்படுத்தும் ஐ.எஸ்.ஓ. 9223 என்ற சர்வதேசத் தரம், உப்பும் ஈரமும் மிகுந்த சி5 என்னும் வகையில், பூச்சில்லாத சாதாரண உருக்கு முதல் ஆண்டில் 80 முதல் 200 மைக்ரோன் வரை தேயும் என்கிறது. இதற்கும் மேலே தீவிரமான ஒரு வகை தனியாக உண்டு. கெப்பின் உடல் தகடு ஏறக்குறைய 0.8 மில்லிமீற்றர், அதாவது 800 மைக்ரோன். பூச்சு உரிந்த இடத்தில் ஆண்டுக்கு 100 மைக்ரோன் என்று மிதமாக வைத்தாலும், ஒரு பக்கம் மட்டும் தின்றால் எட்டு ஆண்டு. இரண்டு பக்கமும் தின்றால் நான்கு. சேஸித் தகடு இரண்டு மூன்று மில்லிமீற்றர் தடிப்பம் என்பதால் தாக்குப்பிடிக்கும். ஆனால் இவை சராசரிகள். உப்பு சராசரியாகத் தின்பதில்லை, குழி தோண்டித் தின்னும். முதல் ஓட்டை கணக்கு சொல்வதற்கு முன்பே விழுந்துவிடும். வண்டியின் பூச்சு நல்லபடி இருக்கும்வரை இந்தக் கணக்கு தொடங்காது என்பதும் உண்மைதான். முப்பது வயதுக் கெப்பில் பூச்சு எங்கெங்கே நல்லபடி இருக்கிறது என்பதுதான் பிரச்சினை.

உப்பு இவ்வளவு கொடியது என்றால் கடலுக்குள்ளேயே கிடந்த இரும்பு எப்படி மிஞ்சியது என்று இந்த ஊர்க்காரர் ஒருவர் கேட்கலாம். கேட்க அவருக்கு உரிமையும் உண்டு. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது தீப்பற்றிச் சேதமடைந்து, பின்னர் துறைமுகத்துக்குள்ளேயே மூழ்கடிக்கப்பட்ட எஸ்.எஸ். சகாயிங் என்ற கப்பலை, 2018 மார்ச்சில் இலங்கைக் கடற்படை மேலே மிதக்க வைத்தது. முக்கால் நூற்றாண்டு உப்புத் தண்ணீருக்குள் கிடந்த கூடு அது. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99 இன்றும் நிற்கின்றன. அவற்றில் பல, காட்டுக்குள் பல பத்தாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தவை. இந்த இரண்டு உதாரணமும் வாதத்தை முறிக்கவில்லை, அதற்குக் கைகொடுக்கின்றன. முழுதாக மூழ்கிய உருக்குக்கு உப்பு ஏராளம், ஒட்சிசன் கொஞ்சம். ஆண்டுக்கு ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர்தான் தேயும். அலை வந்து நனைத்து நனைத்துக் காயவிடும் மட்டத்தில் அதே உருக்கு அதைப்போலப் பல மடங்கு வேகத்தில் போகும், ஏனென்றால் அங்கே உப்பும் கிடைக்கிறது, காற்றும் கிடைக்கிறது. கெப்பின் அடிப்பகுதி வாழ்வது அந்த மட்டத்தில்தான். தாங்கிகளின் கதை வேறு. வளைந்து நிற்கும் அந்தச் சுவரை ஒவ்வொரு மாரியும் மேலிருந்து கீழே கழுவிவிடுகிறது. சேறு தங்க மடிப்பு இல்லை, தகடும் தடிப்பம். கெப்பில் இந்த மூன்றும் தலைகீழ்.

அப்படியென்றால் மழை செய்யாததை நாம் செய்ய வேண்டும். எதிர்ப்பு உடனே வரும்: துருவுக்குத் தண்ணீர்தானே காரணம், அதையே பீய்ச்சி அடிப்பதா? தண்ணீர் இல்லாவிட்டால் துரு இல்லை என்பது சரி. ஆனால் நாம் பார்த்தபடி, உப்புள்ள இடத்தில் தண்ணீர் எப்போதும் இருக்கிறது. நாம் ஊற்றுவதால் புதிதாக எதுவும் வந்துவிடுவதில்லை. உப்பைக் கரைத்து எடுத்துப் போனால், அடுத்த சில மணி நேரத்தில் அந்த இடம் உண்மையிலேயே காயும். அரை மணி நேர நனைவைக் கொடுத்து வாரக்கணக்கான ஈரத்தை மீட்கும் பேரம் இது. இரண்டாவது எதிர்ப்பு இன்னும் கனமானது. கரையோரக் கிணறுகள் பல உவர். அந்தத் தண்ணீரில் கழுவி என்ன பயன்? நாக்கே இதற்குக் கருவி. குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராமை ஒட்டித் தாண்டும்போது தண்ணீர் கரிக்கத் தொடங்கும். அந்த அளவில் இருக்கும் கிணற்று நீர்கூடக் கடல்நீரைவிடப் பல பத்து மடங்கு நல்லது. சேற்றையும் மீன்சாற்றையும் கழற்ற அது போதும். கடைசி அலசலுக்கு மட்டும் குழாய்த் தண்ணீரோ கூரையிலிருந்து பிடித்த மழைத்தண்ணீரோ இரண்டு வாளி வைத்துக்கொள்ளலாம். வாயில் வைக்க முடியாத உவர்நீர் என்றால் அதை வண்டிக்கும் வைக்க வேண்டாம்.

கழுவும் முறையில் ஒரு நுணுக்கம் உண்டு, அதில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். அமுக்கக் குழாயால் கீழே வெளிப்புறத்தைப் பளபளவென்று அடித்துவிட்டு, உள்ளே போக வேண்டிய தண்ணீரை மறந்துவிடுகிறார்கள். சேஸிக் குழலின் அடியில் தொழிற்சாலையிலேயே வடிதுளைகள் வைத்திருப்பார்கள். பழைய வண்டியில் அவை சேற்றால் அடைபட்டிருக்கும். ஒரு கம்பித்துண்டால் குத்தினால் முதலில் ஒன்றும் வராது. பிறகு தேயிலைத்தூள் போலக் கரிய துரு, அதன் பின் மணல், அதன் பின் ஒரு சிறங்கை சிவந்த தண்ணீர். மழையே பெய்யாத மாதத்திலும் இந்தத் தண்ணீர் வரும். மெல்லிய குழாயைப் பக்கத்துத் துளைவழி உள்ளே விட்டு, கீழே சொட்டுவது தெளியும்வரை ஓடவிட வேண்டும். வேகம் தேவையில்லை, நேரம்தான் தேவை, ஏனென்றால் துருவின் நுண்துளைகளுக்குள் உறைந்த உப்பு மெதுவாகத்தான் வெளியே வரும். கதவின் அடிவிளிம்பிலும் இதே மாதிரித் துளைகள் இருக்கின்றன. அல்ரனேற்றர் மீதும் சக்கர பெயரிங் மீதும் அமுக்கத்தோடு அடிக்கக்கூடாது. உப்பை வெளியேற்றப் போய் உள்ளே ஏற்றிவிடுவோம். முடிந்ததும் வண்டியைச் சற்றுச் சரிவில் நிறுத்தி வடியவிட்டு, கொஞ்சத் தூரம் ஓட்டினால் இடுக்குகளில் காற்றுப் புகும். மீன் ஏற்றிய நாளில் அன்று மாலையே, வாடை மாதங்களில் வாரம் ஒருமுறை, மற்றக் காலத்தில் மாதம் ஒருமுறை என்றால் போதுமானது.

தண்ணீருக்குப் பதில் எஞ்சினிலிருந்து இறக்கிய பழைய ஒயிலை அடிப்பது ஊர்வழக்கம். அதற்கு முழுக்க மதிப்பில்லை என்று சொல்ல முடியாது. எண்ணெய்ப் படலம் நீரையும் காற்றையும் இரும்பிடமிருந்து பிரிக்கிறது, இடுக்குகளுக்குள் தானாகவே ஊர்ந்து போகிறது. ஆனால் எஞ்சினில் வெந்த ஒயில், எரிபொருள் எரிந்து உண்டான அமிலங்களையும் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய கரிமச் சேர்மங்களையும் சுமந்து வருகிறது. ரப்பர்ப் புஷ்களை ஊதவைக்கிறது. மணற்பாங்கான இந்த மண்ணில் சொட்டியது கிணற்றுக்குப் போக நெடுநாள் ஆகாது. சுத்தமான ஒயிலில் மெழுகு கரைத்த உட்பூச்சு இதே வேலையை இந்தக் கேடில்லாமல் செய்யும். தாரைப் போலத் தடித்த அண்டர்கோட் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. புதிய வண்டியின் சுத்தமான உருக்கில் அது ஒட்டிக்கொள்ளும். பழைய வண்டியில், துருவின் மேலும் உப்பின் மேலும் அடித்தால், சில மாதத்தில் விளிம்பு விடும், அந்த வெடிப்பில் நீர் நுழையும், உள்ளே ஒட்சிசன் குறையும். எவன்ஸின் துளியை நாமே காசு கொடுத்துக் கட்டி முடித்தது போல. எது பூசினாலும், கழுவிக் காயவிட்ட பின்பே பூச வேண்டும். கழுவுவதற்கு மாற்று என்று ஒரு பூச்சு இல்லை.

படகுக்காரர்கள் இன்னொரு யோசனையோடு வரக்கூடும். புரொப்பெலருக்குப் பக்கத்தில் கட்டும் துத்தநாகக் கட்டி, தான் கரைந்து மற்ற உலோகத்தைக் காப்பாற்றுகிறதே, அதைக் கெப்பில் பொருத்தினால் என்ன? இந்த யுக்திக்கு இருநூறு வயது. ஹம்ப்ரி டேவி 1824இல் பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் அடியில் பதித்த செப்புத் தகடுகளைக் காக்கத் துத்தநாகத்தையும் இரும்பையும் பயன்படுத்திப் பார்த்தார். செம்பு கரையாமல் நின்றது. கரையாததால் அதன் நஞ்சும் நின்றது. சிப்பிகள் வந்து குடியேறி, கப்பல் வேகம் இழந்தது. வேதியியலில் அவர் வென்றார், கடற்படையிடம் தோற்றார். கெப் விடயத்தில் தடை அதைவிட எளியது. துத்தநாகத்துக்கும் காக்கப்படும் இரும்புக்கும் நடுவே அயன்கள் நீந்திப்போகத் தொடர்ச்சியான நீர் வேண்டும். படகுக்குக் கடலே அந்தப் பாதை. காற்றில் நிற்கும் வண்டியில் அது நூலளவு ஈரப்படலம்; காவல் கட்டியைச் சுற்றிச் சிறு தூரத்துக்கு மேல் எட்டாது. தகடு முழுவதும் துத்தநாகம் முலாம் பூசினால் மட்டும் பலிக்கும், ஏனென்றால் அப்போது எந்தக் கீறலுக்கும் துத்தநாகம் மில்லிமீற்றர் தூரத்தில் இருக்கும். பற்றரியில் செருகித் துருவைத் தடுப்பதாக விற்கும் மின்னணுப் பெட்டிகளும் இதே சுவரில்தான் முட்டி நிற்கின்றன.

இதெல்லாம் வெப்பவலயக் கரையோரத்தின் தனித் துயரம் என்று நினைக்க வேண்டாம். வட அமெரிக்காவில் பனி உருகச் சாலையில் உப்புக் கொட்டுகிறார்கள். அந்த உப்பு தின்ற டொயோட்டா டக்கோமா, டன்ட்ரா, செக்கோயா வண்டிகளின் சேஸிகள் தொடர்பான வழக்கு, 2016இல் ஏறக்குறைய 15 லட்சம் வண்டிகளைத் தழுவிய, 340 கோடி டொலர் வரை போகலாம் என்று மதிப்பிடப்பட்ட உடன்பாட்டில் முடிந்தது. தவறு எதையும் நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. வண்டிகளைப் பரிசோதித்துத் துளைபட்ட சேஸியை மாற்றிக் கொடுக்கவும், மற்றவற்றுக்குக் காப்புப் பூச்சு பூசவும் இணங்கியது. உறுதிக்குப் பெயர்போன வகை வண்டிகள் அவை. அந்த வழக்கு அவற்றின் எஞ்சினைப் பற்றியது அல்ல. அந்த உடன்பாடு திருகோணமலைக்கு வராது. வந்த பாடம் மட்டும் நமக்குச் சொந்தம்: நல்ல எஞ்சின் நின்றுபோவதற்கு முன்பே அதைத் தாங்கும் இரும்பு போய்விடக்கூடும்.

உடைந்த பூச்சைத் திருத்த நினைப்பவர்களுக்குக் கச்சான் காலமே ஏற்றது. மே தொடங்கிச் செப்ரெம்பர் வரை தரைக்காற்று வறண்டு வீசும். ஆனாலும் விடியலில் இரும்பு குளிர்ந்து பனிநீர் பூத்திருக்கும். தகடு, பனிநீர் பூக்கும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 பாகை சூடாகிய பிறகே பெயின்ற் எடுக்க வேண்டும் என்பது பூச்சுத் துறையின் பொதுவிதி. காலை பத்து மணிக்கு முன் தூரிகை தொடாமல் இருப்பது அதற்கு எளிய வழி. உப்பு மிச்சமிருக்கும் தகட்டில் அடித்தால், பெயின்ற் படலத்தின் வழியே உப்பு நீரை உறிஞ்சிக் குமிழ் விடும். சுரண்டியும் போகாத மெல்லிய துருவுக்குத் தனின் அமிலம் கலந்த துருமாற்றி உதவும். துருவோடு சேர்ந்து அது நீலக்கறுப்பாக இறுகும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சியவர்களுக்கு இந்த நிறம் புதிதல்ல, அங்கே நடந்ததும் இதே வினைதான்.

எஞ்சின் பக்கத்துக் குறைகள் என்று நாம் பெயரிடுவதிலும் சில, இதே அரிப்பின் வேறு முகங்கள். ஸ்ராட்டர் மோட்டார் 200 அம்பியர் இழுக்கும்போது, பற்றரியின் எர்த் வயர் சேஸியைத் தொடும் இடத்தில் துரு வெறும் 0.01 ஓம் தடை வைத்தாலே 2 வோல்ற் அங்கே தொலைந்துவிடும். பற்றரி மாற்றியும் வண்டி முனகுகிறது என்றால் அந்த நட்டைக் கழற்றி, பளபளக்கத் தேய்த்து, கிறீஸ் பூசி இறுக்குவது முதல் வேலை. றேடியேற்றரில் கூலன்ற் ஊற்றுவது குளிர்நாட்டுப் பழக்கம், இங்கே தண்ணீர் போதும் என்ற பேச்சும் இதே இடத்தில் தவறுகிறது. உறைவதைத் தடுப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. இரும்பு உடலும் அலுமினியத் தலையும் ஒரே நீரில் நனையும்போது உண்டாகும் மின்கலத்தை அடக்கும் சேர்மங்கள் அதில் இருக்கின்றன. உவர்க் கிணற்று நீரில் அவை இல்லை, உப்பு இருக்கிறது.

கடைசியில் ஒரு சுத்தியல் வேண்டும், சிறியது போதும். சேஸியைப் பின் அச்சின் மேல் வளைவிலிருந்து முன்னோக்கித் தட்டிக்கொண்டே வந்தால், நல்ல உருக்கு மணிபோல ஒலிக்கும். அடுக்கடுக்காகத் துரு உரிந்த இடம் ஈரப் பலகையைத் தட்டியது போல மந்தமாகக் கேட்கும். அந்த மந்தமான இடத்தில் ஜக்கை வைக்கக்கூடாது, எந்த இடத்திலும் ஜக்கை மட்டும் நம்பிக் கீழே தவழக்கூடாது. கடற்கரை மணலில் அது சரிய ஒரு நொடி போதும். துளை விழுந்த சேஸிக்குப் பட்டி வைத்து ஒட்டுவது வீட்டு வேலை அல்ல, வெல்டிங் தெரிந்தவரிடம் போக வேண்டிய வேலை. ஆனால் சேஸியோடு ஓடும் பிறேக் குழாயைப் பார்ப்பது நம் வேலை. அதன் சுவர் தடிப்பம் ஏறக்குறைய 0.7 மில்லிமீற்றர். திறந்து கிடக்கும் நீளமெல்லாம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஒவ்வொரு அடிக்கும் அதைச் சேஸியோடு பிடித்திருக்கும் சின்னஞ்சிறு கிளிப்பின் கீழ், உப்பு மணல் உட்கார்ந்து காயாமல் இருக்கும் அந்த விரல்நக அகலத்தில்தான் அது முதலில் பொரியும். கிளிப்பை நெம்பி எடுத்து, ஈரத் துணியால் துடைத்து, நகத்தால் ஒருமுறை வருடினால் குழி தட்டுப்படுகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.